கை நனைத்த பிறகு

பச்சை மீனைச் சோற்றின்மேல் வைத்துத் தின்கிற அந்தச் சாப்பாட்டுக்கு சுஷி என்று பேர் என்பதே எனக்கு ரொம்பக் காலம் கழித்துத்தான் தெரிந்தது. அதை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது எண்பதுகளின் நடுவில், மாமல்லபுரம் போகிற வழியில், கடற்கரையை ஒட்டிய ஒரு பெரிய ஓட்டலில். இன்றைக்கும் யாராவது அதைப் பற்றி ஆசையாகப் பேச ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. மீன் என்ன பாவம் செய்தது என்று என்னை நானே கேட்டுக்கொள்வேன். அப்படியும் வருகிறது.

எங்கள் ஊர் கம்பைநல்லூரிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். அப்பா நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டார். நிலம் அம்மா பேரில் இருந்தது. நிலம் என்று சொன்னால் பெருமையாக இருக்கும், பாதி பாறை. கடலைக்காயும் கேழ்வரகும் போட்டது போக மிச்ச இடத்தில் ஆடுகள் மேயும். அந்தப் பாறைக்கும் ஒரு ஒற்றைப் பனைமரத்துக்கும் இந்தப் பக்கம் எங்கள் கிணறு. மழை பொய்த்து ஊரில் மற்ற கிணறுகளெல்லாம் சேறு காட்டிய வருஷங்களில்கூட அதில் ஊற்று நின்றதில்லை. எங்கள் தெருவில் பாதிப்பேர் அதில்தான் குடிதண்ணீர் சேந்துவார்கள். அம்மா யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. யாராவது இரண்டு நாள் வராவிட்டால்தான் என்ன ஆச்சு என்று விசாரிப்பாள்.

அந்தப் பாறையைத் தேடிக்கொண்டு மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வந்தார். வெள்ளை சபாரி சூட், கையில் ஒரு சின்னச் சுத்தி. பாறையை அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு, இது கறுப்புக் கல்லிலேயே உசத்தி, ஜப்பானில் கல்லறை கட்ட இதைத்தான் கேட்கிறார்கள் என்றார். செத்தவர்களுக்காகக் கப்பல் ஏறிப் போகப் போகிற கல்லின்மேலா இத்தனை வருஷம் ஆட்டுப்புழுக்கை கிடந்தது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“பனமரத்துக்கு இந்தாண்ட வெடி வெக்கக் கூடாதுங்க. அந்தாண்ட என்ன வேணா எடுத்துக்குங்க. கெணறு போயிருச்சின்னா நாங்க எங்கங்க போறது?”

அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். “எவ்வளவு கல் எடுக்கறது, எதுவரைக்கும் எடுக்கறதுன்னு சொல்றது ஜப்பான் பார்ட்டிதாம்மா. நான் நடுவுல இருக்கறவன்.”

“அப்ப அந்த மவராசனே சொல்லட்டுங்க. அப்பறம் கையெழுத்துப் போடறேன்.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அந்த ஜப்பான்காரர் அடுத்த வாரமே மெட்ராஸ் வரப் போகிறார், கல்லுக்குச் சொந்தக்காரரைப் பார்க்க அவருக்கும் ஆசையாம். அதனால் அம்மாவையும் என்னையும் ஓட்டலுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். நான் அப்போது பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு தர்மபுரியில் ஒரு ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். மொழிக்கு நான், முடிவுக்கு அம்மா என்று கிளம்பினோம்.

விடியற்காலையில் கார் வந்தது. அரூர், திருவண்ணாமலை, செங்கல்பட்டு என்று அந்த அம்பாசிடர் எங்களைக் குலுக்கி எடுத்தது. டிரைவர் வழியில் இரண்டு இடத்தில் டிபன் சாப்பிட நிறுத்தினார். அம்மா இறங்கவே இல்லை. எனக்கும் வாங்கித் தரவில்லை. இந்த இடத்தில் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைக்கு நான் பட்ட பாடு யாருக்கும் புரியாது.

ஒரு காரியம் பேசப் போன இடத்தில், பேச்சு முடிகிற வரைக்கும் கை நனைக்கக் கூடாது. அதாவது அவர்கள் சாப்பாட்டைத் தொடக் கூடாது. தொட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். அப்புறம் பின்வாங்க முடியாது, அவர்களோடு சண்டைக்கும் நிற்க முடியாது. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் சோறும் குழம்பும் ஆக்கி வைத்திருந்தும் சாப்பிட உட்காராமல் கிளம்பிப் போனது. எங்களுக்கு அதிலேயே பதில் தெரிந்துவிட்டது. இந்தச் சட்டம் கம்பைநல்லூரில் சரி. கம்பெனிக்காரர் கொடுக்கும் இட்லிக்குமா என்று நான் காரில் முணுமுணுத்தேன். “அவரு காசுதானே” என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். 

ஓட்டலில் இறங்கியதும் அம்மா கடலைப் பார்க்கவில்லை. கடலுக்கும் கட்டடத்துக்கும் நடுவே பச்சைப் பசேலென்று ஒரு புல்வெளி கிடந்தது. அதன் நடுவில் குழாய் சுற்றிச் சுற்றித் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அது எங்கள் பக்கம் ஆடுமாடுகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட வறட்சிக் காலம்.

“ஏன்டி, புல்லுக்கா தண்ணி வுடறாங்க?” என்றாள்.

“ஆமா.”

“மாடு கட்டியிருக்கறாங்களா?”

“இல்லம்மா, பாக்கறதுக்கு.”

 கம்பெனிக்காரர் ஓடி வந்து எங்களை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். ஏ.சி. குளிரில் அம்மா முந்தானையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டாள். ஜப்பான்காரர்கள் நிறைய வந்து போகிற ஓட்டலாம், அவர்களுக்கென்றே தனியாக ஒரு அறை, அந்த நாட்டுச் சமையல்காரர் ஒருவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் மீனை வெட்டிக்கொண்டிருந்தார். அடுப்பையே காணோம். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

ஜப்பான்காரர் வயதானவர். எங்களைப் பார்த்ததும் எழுந்து இடுப்பு வரை குனிந்தார். அம்மா பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் மறுபடி குனிந்தார். இவள் மறுபடி கும்பிட்டாள். இது எப்போது முடியும் என்று தெரியாமல் நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கம்பெனிக்காரர்தான் எல்லாரையும் உட்கார வைத்தார்.

“இன்னைக்கு வெள்ளிக்கிழமை, நீங்க கறி சாப்பிட மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்மா. அதான் மீனா ஏற்பாடு பண்ணிட்டேன்” என்றார். எங்கள் மாதா கோயில் வழக்கத்தைக்கூட விசாரித்து வைத்திருந்த மனிதர், கிணற்றை மட்டும் மறந்துவிட்டார் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு கறுப்பு மரப்பலகையில் சாப்பாடு வந்தது. விரல் நீளத்துக்குப் பிடித்து வைத்த சோறு, ஒவ்வொன்றின்மேலும் ஒரு துண்டு மீன். சிவப்பு, வெள்ளை, ஆரஞ்சு. எல்லாம் பச்சை. எங்கள் வீட்டில் ஏரிக் கெண்டை வாங்கினால் கல்லில் தேய்த்து, உப்புப் போட்டு அலசி, மஞ்சள் தடவி, புளி கொதித்த பிறகுதான் சட்டியில் விழும். அம்மா பலகையைக் கண் கொட்டாமல் பார்த்தாள்.

“அலசுன மாதிரியே தெரியலயேடி.”

“சும்மா இரும்மா.”

அவள் குனிந்து மோந்து பார்த்தாள். “சோறு புளிச்ச வாசன அடிக்குது. நேத்து சோறா? விருந்தாளிக்கு யாராச்சும் பழசு வெப்பாங்களா?”

அதில் காடி ஊற்றுவார்கள் என்று அன்றைக்கு எனக்கு மட்டும் என்ன தெரியும்? எனக்குப் பசி காதை அடைத்தது. பழசோ புதுசோ, வெந்ததோ வேகாததோ, எதையாவது வாயில் போட்டால் போதும் என்றிருந்தது. ஆனால் அம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்திருந்தேன்.

“சாப்பிடுங்கம்மா” என்றார் கம்பெனிக்காரர்.

“பேசிரலாங்க. பேசிட்டு சாப்புடலாம்.”

“மொதல்ல சாப்பிடுவோம். அவங்க ஊர்ல சாப்பாட்டு மேசையில வியாபாரம் பேச மாட்டாங்க. மரியாதைக் குறைச்சல்னு நெனைப்பாங்க.”

“எங்கூர்ல பேசாம சாப்புட மாட்டமுங்க.”

அவ்வளவுதான். அவர்கள் வழக்கமும் எங்கள் வழக்கமும் அந்த மரப்பலகைக்கு இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. ஜப்பான்காரர் எங்களைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். விருந்தாளி தொடாமல் தான் தொடக் கூடாது என்று அவரும் சாப்பிடுகிற குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சமையல்காரர் கத்தியை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார். கம்பெனிக்காரர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார். மீன் பிடிக்கவில்லையோ என்று ஜப்பான்காரர் ஏதோ சொல்ல, வெந்த முட்டை வந்தது, சூப் வந்தது, வறுத்த இறால் வந்தது. என் மூக்கு முன்னால் ஆவி பறக்கிற இறால். அம்மா அதையும் தொடவில்லை. எழுந்து போய் அந்தப் புல்வெளிக் குழாயிலாவது வாய் வைத்துத் தண்ணீர் குடித்துவிட்டு வரலாமா என்றுகூட யோசித்தேன்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கம்பெனிக்காரரை நம்பிப் பிரயோஜனம் இல்லை. அம்மா சொன்னதையெல்லாம் அவர் இங்கிலீஷில், ஓட்டல் ரொம்ப நன்றாக இருக்கிறதாம், கடல் ரொம்பப் பிடித்திருக்கிறதாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கடலை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நானே ஜப்பான்காரர் பக்கம் திரும்பினேன். காலேஜில் படித்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். எங்கள் நிலத்தில் ஒரு கிணறு இருக்கிறது. ஒரு பனைமரம் இருக்கிறது. பனைமரத்தைத் தாண்டி நீங்கள் கல் எடுக்கக் கூடாது. தெருவே அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கவனமாகக் கேட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டினார். “எஸ், எஸ்” என்றார்.

“பாத்தீங்களா?” கம்பெனிக்காரர் மேசையைத் தட்டாத குறையாகத் துள்ளினார். “ஐயாவே சரின்னுட்டாரு!”

அம்மா என்னைப் பார்த்தாள். “சரின்னாரா?”

“அப்படித்தான் சொல்றாரு.”

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். குச்சிகளை ஒதுக்கிவிட்டு, விரலால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். ஜப்பான்காரர் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் குச்சிகளைத் தள்ளிவிட்டுக் கையாலேயே எடுத்தார். அவர்கள் ஊரிலும் கையால் எடுப்பதுதான் பழைய வழக்கமாம். கம்பெனிக்காரர் மட்டும் குச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் ஒரு துண்டை வாயில் வைத்தேன். குளுகுளுவென்று வழுக்கிக்கொண்டு போனது. உமட்டலை அடக்க முடியாமல் கர்ச்சீப்பில் துப்பிவிட்டு, இறாலை இழுத்து என் பக்கம் வைத்துக்கொண்டேன்.

அப்போது பரிமாறுகிறவர் வந்து, வெந்நீர் வேண்டுமா, ஐஸ் போட்ட தண்ணீர் வேண்டுமா என்று ஜப்பான்காரரிடம் இங்கிலீஷில் கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார். “எஸ், எஸ்.”

பரிமாறுகிறவர் மறுபடி கேட்டார். வெந்நீரா, ஐஸ் தண்ணீரா?

“எஸ்” என்றார் அவர், அதே கவனத்தோடு, அதே மரியாதையோடு.

என் வாயில் இறால் அப்படியே நின்றுவிட்டது. அம்மாவின் முழங்கையைப் பிடித்தேன்.

“அம்மா, அவரு எல்லாத்துக்கும் இப்படித்தான் தலையாட்டறாரு. நான் சொன்னது அவருக்குப் புரியவே இல்ல போல இருக்குது.”

அம்மா மென்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “கை நனைச்சாச்சு. பேசாத சாப்புடு.”

“எழுந்துரும்மா, போயிரலாம்.”

“பாதிச் சாப்பாட்டுல எந்திரிக்கறதா? மனுசங்களா நாம?”

பலகையில் அவள் பங்குக்கு இருந்த அத்தனையையும் தின்று முடித்தாள். ஒவ்வொரு துண்டையும் விழுங்கும்போது கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். அது அவளுக்கு எவ்வளவு அருவருப்பாக இருந்தது என்று பக்கத்தில் இருந்த எனக்குத்தான் தெரியும். சொல் கொடுத்தவர்கள் போட்ட சாப்பாட்டை மிச்சம் வைக்கக் கூடாது என்று அவள் நினைத்தாள். அங்கே சொல் கொடுத்தவர்கள் யாருமே இல்லை என்று கத்த வேண்டும் போல எனக்கு இருந்தது.

சாப்பிட்டதும் வெளி ஹாலில் சோபாவில் உட்கார வைத்துக் கையெழுத்துக்குக் காகிதத்தை நீட்டினார்கள். பனைமரம், கிணறு என்று அதில் ஒரு எழுத்துக்கூட இல்லை. எழுதுங்கள் என்றேன். அப்புறம் டைப் அடித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார் கம்பெனிக்காரர். நானே டைப்பிஸ்ட்தான், இப்போதே கையால் எழுதித் தருகிறேன் என்று பேனாவை வாங்கினேன். அம்மா என் கையை அழுத்திப் பிடித்தாள்.

“சோத்தப் போட்டவங்ககிட்ட சாப்ட்ட கையோட எழுதிக் குடுன்னு கேக்கறதா? அசிங்கமா இருக்காது?” என்றாள். கையெழுத்துப் போட்டாள். காலையில் கூட்டிக்கொண்டு போகக் கார் வந்திருந்தது, ஊர் திரும்பக் கார் இல்லை. சென்ட்ரலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மொரப்பூர் வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தோம். அம்மாவுக்கு வழியெல்லாம் வயிற்றைக் கலக்கியது. 

அடுத்த வருஷம் வெடிச் சத்தம் பனைமரத்துக்கு வந்தது. நான் ஓடிப்போய் அங்கிருந்த மேஸ்திரியிடம் கேட்டேன். பனைமரத்தைப் பற்றித் தனக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். பொய் சொல்கிற முகமாக இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் பனைமரம் விழுந்தது. அதற்கப்புறம் கிணற்றில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. பாறைக்குள் எங்கோ வெடிப்பு விட்டு, ஊற்று கல் எடுத்த பள்ளத்துக்குப் போய்விட்டது. அங்கே தேங்கி நின்ற தண்ணீரில் எண்ணெயும் வெடிமருந்தும் மிதந்தன, மாடுகூட வாய் வைக்காது. தெருக்காரர்கள் ஏரிக்கரைக் கிணற்றுக்கு நடக்க ஆரம்பித்தார்கள். எங்களை யாரும் திட்டவில்லை. ஆனால் குடத்தோடு எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் முன்போல நின்று பேசவில்லை.

நான் அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். கலெக்டர் ஆபீஸுக்குப் போகலாம் வா என்றேன். நான் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, மனுவை நானே எழுதுகிறேன், நீ வந்து நின்றால் போதும் என்றேன். கம்பெனிக்காரர் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்றேன். எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரே பதில்தான்.

“அவருகிட்டக் கை நனைச்சுட்டு வந்துட்டனேடி. எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவரு மேல போயி பிராது குடுக்கறது?”

“அவர் உனக்குப் போட்டது வேகாத மீனும்மா!”

“என்னவா இருந்தா என்ன.”

ஒரு மனுஷி இப்படியும் இருப்பாளா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்களுக்கு எந்த வழக்கமும் இல்லை, எங்களுக்கு மட்டும் எல்லா வழக்கமும். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, கோபத்தில் நானே ஏரிக்கரைக்கு நடந்து இரண்டு குடம் கொண்டுவந்து வைப்பேன். வாரம் பூராவும் அவள் நடந்தாள்.

அப்படி ஒரு சித்திரை மாத ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்காரரின் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. மிச்ச நிலத்தையும் கேட்க வந்திருந்தார். கையில் ஒரு ஸ்வீட் டப்பா. வெயிலில் முகம் சிவந்து, சபாரி சூட் முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, “அப்பா, என்னா வெயில்! அம்மா, ஒரு சொம்பு தண்ணி குடுங்க” என்றார்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். இப்போதாவது வாயைத் திறப்பாளா என்று அம்மாவையே பார்த்தேன். எங்கள் பக்கம் எதிரிக்கும் தண்ணீர் இல்லை என்று யாரும் சொன்னது கிடையாது. வாசலில் வந்து நிற்கிறவர் யாராக இருந்தாலும் முதலில் சொம்புதான் வெளியே வரும்.  அம்மா முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“தண்ணி இல்லீங்க” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. ‘ங்க’வைக்கூட விடவில்லை. அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. “பரவாயில்லம்மா, பரவாயில்ல” என்று எழுந்துபோய், காரில் வைத்திருந்த பிளாஸ்கைத் திறந்து குடித்தார். நிலத்தைப் பற்றி யோசித்துச் சொல்லுங்கள் என்றுவிட்டுக் கிளம்பிப் போனார். இந்தச் சண்டைக்கா இத்தனை நாள் காத்திருந்தேன் என்று கேட்க நான் வாயைத் திறந்தேன்.

அம்மா உள்ளே வந்து, நான் காலையில் கொண்டுவந்து வைத்த இரண்டு குடத்துக்கும் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். இரண்டும் விளிம்பு வரை நிறைந்திருந்தன.

“வந்தவருக்குத் தண்ணி இல்லேன்னுட்டேன்டி” என்றாள்.

கிணறு வற்றிய அன்றைக்கும் அழாதவள், அப்போதுதான் அழுதாள்.